பவர் வீடர்: சொந்தமா, வாடகையா, கூட்டா?

"சார், மகளிர் குழுக் கடன் வருது. அந்தப் பணத்துல பவர் வீடர் வாங்கிப் போட்டுரவா, இல்ல வாடகைக்கே ஓட்டிக்கிடவா?"

முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு பெண் விவசாயி புரட்டாசி தொடக்கத்தில் போனில் கேட்ட கேள்வி இது. மூன்று ஏக்கர் மானாவாரி நெல், இரண்டு ஏக்கர் முண்டு மிளகாய், நாலைந்து ஆடுகள். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. கடையில் 70 ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். மானியம் கிடைத்தால் பாதி.

உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒரு முறை அவசரப்பட்டுப் பதில் சொல்லி, என் அப்பாவின் பணத்தையே வீணாக்கியவன் நான்.

உச்சிப்புளி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான்தான் வற்புறுத்தி அப்பாவை பவர் வீடர் வாங்க வைத்தேன். முதல் ஆண்டு ஐந்து நாள் ஓடியது. அடுத்த ஆண்டு மூன்று நாள். மீதி நாளெல்லாம் தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய் மூடி நின்றது. மூன்றாம் ஆண்டு மழைக்குப் பிறகு எடுத்தால் பெட்ரோல் டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டரில் பிசின், கத்தித் தண்டு அசையவில்லை. கடைசியில் பழைய இரும்புக்குத்தான் போனது. இயந்திரத்தில் குறை இல்லை. ஆண்டுக்கு எட்டு நாள்கூட வேலை இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியது என் தவறு.

அதனால் கடன் வாங்கும் முன், மானியத்துக்கு மனு எழுதும் முன், ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கணக்குப் போடுங்கள்.

நிற்கிற இயந்திரத்துக்கும் செலவு உண்டு

இயந்திரச் செலவு இரண்டு வகை. பெட்ரோல், ஓட்டுகிறவர் கூலி எல்லாம் ஓடினால்தான் வரும். சொந்த இயந்திரமானாலும் வாடகை இயந்திரமானாலும் அது ஏறக்குறைய ஒன்றுதான். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு வகை, ஓடாமல் நின்றாலும் வருகிற செலவு. தேய்மானம், போட்ட பணத்துக்கு வட்டி, ஆண்டுப் பழுது ஆகியவை இதில் வரும். நம்மில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கீழே உள்ள விலையும் வாடகையும் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

பவர் வீடரின் விலை ரூ.70,000. எட்டு ஆண்டு உழைக்கும், கடைசியில் ரூ.7,000-க்குப் போகும் என்று வையுங்கள். மீதி ரூ.63,000-ஐ எட்டால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் ரூ.7,875. வட்டியை முழு விலைக்கும் போடக் கூடாது. வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் கூட்டிப் பாதியாக்கி, அதற்குப் போட வேண்டும். அப்படி ரூ.38,500-க்கு 12 சதவீதம் என்றால் ரூ.4,620. பழுதுக்கு ஆண்டுக்கு ரூ.3,500. ஆக மொத்தம் ரூ.15,995. இயந்திரம் ஒரு நாள்கூட ஓடாவிட்டாலும் ஏறக்குறைய இந்தப் பணம் உங்கள் கையை விட்டுப் போகிறது.

ஓட்டுநர், எரிபொருள் இல்லாமல் இயந்திரத்துக்கு மட்டும் நாள் வாடகை ரூ.1,200 என்றால், 15,995-ஐ 1,200-ஆல் வகுங்கள். 13.3 வரும். அதாவது ஆண்டுக்கு 14 நாளாவது வேலை இருந்தால்தான் சொந்தமாக வாங்குவது லாபம். அதற்குக் கீழே என்றால் வாடகையே மேல்.

மானியம் வந்தால் என்ன மாறும்?

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடக்கிறது. அதில் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருக்கிறது. விலையில் பாதி, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். எனவே "பாதி விலை" என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் ரூபாய்க் கணக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு 50 சதவீதம் கிடைத்து, கையில் இருந்து ரூ.35,000 மட்டும் போடுவதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் ரூ.3,500, வட்டி ரூ.2,520 என்று குறையும். பழுதுச் செலவு மட்டும் அதே ரூ.3,500. மானியத்தில் வாங்கிய இயந்திரத்துக்கு பெல்ட்டும் பிளேடும் பாதி விலைக்குக் கிடைப்பதில்லை. மொத்தம் ரூ.9,520. வாடகையால் வகுத்தால் 8 நாள். மானியம் வந்தாலும் எட்டு நாள் வேலை இருக்க வேண்டும். எங்கள் தோப்பில் ஐந்தும் மூன்றும்தான் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. முன்அனுமதி இல்லாமல் கடையில் வாங்கிவிட்டு, பில்லோடு மானியம் கேட்டுப் போனால் கிடைக்காது. முதலில் மனு, பிறகு அனுமதி, அதன் பிறகே அங்கீகரிக்கப்பட்ட மாடலை வாங்குவது. இந்த வரிசை மாறக் கூடாது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும்.

முதலில் வரிசை, பிறகு வீடர்

வேலை நாளை எண்ணும்போது நம் மாவட்டத்தில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. ஐந்து ஏக்கர் நிலம் இருந்தால் ஐந்து ஏக்கருக்கும் வீடர் ஓடும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

மானாவாரி நெல்லை நாம் புழுதியில் கைவிதைப்பாகத்தான் தெளிக்கிறோம். அந்த வயலுக்குள் எந்த வீடரும் இறங்க முடியாது, களையோடு பயிரையும் கொத்திவிடும். மிளகாயிலும் நேரடியாகத் தெளித்த வயல் என்றால் இதே கதைதான். வரிசைக்கு வரிசை இடைவெளி, வீடரின் கத்தி அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் இயந்திரம் ஓடும். ஆகவே, எண்ண வேண்டியது வரிசையில் நட்ட ஏக்கரை மட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர், ஒரு பருவத்தில் இரண்டு களை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் கேட்ட அம்மாவுக்கு நெல் மூன்று ஏக்கர் கழிந்துவிட்டது. மிளகாய் இரண்டு ஏக்கருக்கு இரண்டு களை என்றால் நான்கு நாள். அவர் தனியாக வாங்கினால் நட்டம். கணக்கு இதோடு முடிந்திருந்தால், "வாடகைக்கே எடுங்கள்" என்று சொல்லி போனை வைத்திருப்பேன்.

வாடகை நம்மை ஏமாற்றும் நாள்

வாடகைக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. நமக்குத் தேவைப்படும் அதே நாளில்தான் ஊர் முழுவதுக்கும் தேவைப்படும்.

ராமநாதபுரத்தில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. முதல் 30 முதல் 45 நாள் வரை களையை அடக்கினால்தான் பயிர் எழும்பும். அந்த நாள்களில்தான் மழையும் பெய்கிறது. கரிசல் மண்ணில் மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கால் வைக்க முடியும். அடுத்த மழைக்கு முன் நான்கைந்து நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். வாடகை இயந்திரத்துக்கு அந்த நான்கு நாளில் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள்.

இப்படி ஒன்பது நாள் காத்திருந்த ஒரு மிளகாய் விவசாயியின் வயலைப் பார்த்திருக்கிறேன். பத்தாம் நாள் இயந்திரம் வந்தபோது களை மிளகாய்ச் செடியைவிட உயரமாக நின்றது. வீடர் கத்தியில் புல் சுற்றிக்கொண்டு ஓடவில்லை. கடைசியில் ஆள் விட்டுப் பிடுங்கினார். வாடகையில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு கூலியாகப் போனது. நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல பேர் இருந்தும், களையில் பாதி மகசூலை விட்டால் சந்தைக்கு எதைக் கொண்டுபோவது? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆகவே கேள்வி இரண்டு. ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை? அந்த வேலை ஒரு வாரம் காத்திருக்குமா?

வேலை நாள் குறைவு, வேலையும் காத்திருக்கும் என்றால் வாடகை. தென்னைக்கு இடையே உழுவது, வேலி ஓரம் புல் வெட்டுவது, சீமைக் கருவேலம் அறுப்பது எல்லாம் இந்த வகை. வேலை நாள் அதிகம் என்றால் சொந்தம். வேலை நாள் குறைவு, ஆனால் காத்திருக்காது என்றால் கூட்டாக வாங்குவதுதான் வழி. மிளகாய்க் களை இதில்தான் சேரும்.

கருவிக்குக் கருவி கணக்கு மாறும்

பிரஷ் கட்டர்: விலை ரூ.15,000, கடைசி விலை ரூ.1,500, ஆயுள் ஆறு ஆண்டு, வட்டி 12 சதவீதம், பழுது ரூ.1,500 என்றால் ஆண்டுச் செலவு ரூ.4,740. நாள் வாடகை ரூ.500 என்றால் 10 நாள் வேலை வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்றால் ஆயுள் நான்கு ஆண்டாகக் குறைந்தால் செலவு ரூ.5,865 ஆகும். அப்போது 12 நாள் வேண்டும். பரமக்குடியில் கட்டுபடியாகிற கருவி தங்கச்சிமடத்தில் கட்டுபடியாகாமல் போவது இதனால்தான்.

செயின் சா: ஆண்டுக்கு ஓரிரு நாள்தான் வேலை. பழக்கம் இல்லாத கையில் ஆபத்தும் அதிகம். கருவியை மட்டும் இரவல் வாங்காதீர்கள். ஓட்டத் தெரிந்தவரோடு சேர்த்து வாடகைக்கு எடுங்கள்.

தெளிப்பான்: இதற்கு மட்டும் என் பதில் மாறாது. சொந்தமாக வாங்குங்கள். விலை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பக்கத்து வயலில் நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானை இரவல் வாங்கி மிளகாய்க்கு அடித்தால், டேங்கிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் கொஞ்ச மருந்தே போதும், இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும். அதை இலைச்சுருட்டு நோய் என்று நினைத்து மேலும் பூச்சிமருந்து அடிக்கிறோம். பருத்திக்கும் இதே ஆபத்து உண்டு. முடிந்தால் களைக்கொல்லிக்கு ஒரு தெளிப்பான், மற்ற மருந்துக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை ட்ரில், கட்டிங் மிஷின்: கொட்டகை போட, ஆட்டுப்பட்டிக்குக் கம்பி அடிக்க ஆண்டுக்கு இரண்டு நாள் தேவைப்படும். ஊர் வெல்டரிடமோ தச்சரிடமோ நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். கட்டிங் மிஷினில் வட்டுக் கவசம் கழற்றப்பட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அறுவடை இயந்திரம்: தை மாதம் நெல் அறுக்க வரும் பெரிய இயந்திரத்தை நம் ஊரில் கிட்டத்தட்ட எல்லோரும் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். அதில் யாரும் கௌரவக் குறைவு பார்ப்பதில்லை. சின்னக் கருவியிலும் அப்படியே இருக்கலாம்.

வாடகைக்கு எங்கே கேட்பது?

உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் வசதி உள்ளது. தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், மானியத்தில் தொடங்கிய தனியார் வாடகை மையங்கள் ஆகியவற்றிலும் கேட்கலாம். மழைக்கு முன்பே, ஆவணியிலேயே போய், என்ன கருவி இருக்கிறது, வாடகை எவ்வளவு, குறைந்தது எத்தனை மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள், கொண்டுவரும் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். களை முளைத்த பிறகு கேட்டால் வரிசைதான் மிஞ்சும்.

கூட்டு முறிவது எதனால்?

கூட்டாக வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஏரும் மாடும் இல்லாதவருக்கு ஏர் கொடுத்து, பதிலுக்கு ஆள் வேலை வாங்கிய ஊர்கள் இவை. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் 1958-ல் விவசாயிகள் தங்கள் இயந்திரங்களைப் பகிர்ந்துகொள்ள வட்டம் அமைத்தார்கள். பிறகு அது நாடு முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 2017-18-ல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. 20 பேர் கொண்ட ஐந்து ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு. அதற்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி. அந்தப் பணத்தில் பெரும்பாலும் வாங்கியது இயந்திரங்களைத்தான்.

சில குழுக்கள் நன்றாக ஓடுகின்றன. சிலவற்றில் இயந்திரம் ஒருவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. வித்தியாசம் பணத்தில் இல்லை, எழுதி வைத்ததில் இருக்கிறது. கூட்டுச் சேருமுன் ஒரு நோட்டில் இவற்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு வீடருக்கு ஏழு, எட்டு ஏக்கருக்கு மேல் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் உங்களுக்குள்ளேயே வாடகை வரிசை வந்துவிடும். யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இந்த ஆண்டு கடைசி ஆள் அடுத்த ஆண்டு முதல் ஆள். உறுப்பினரும் நாளுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதுதான் பழுதுக்கும் அடுத்த இயந்திரத்துக்குமான பணம். ஓட்டும்போது உடைந்தால் ஓட்டியவர் பொறுப்பு, தேய்ந்து போனால் பொதுப் பணம். வெளியாளுக்கு, உறுப்பினர் வேலை முடிந்த பிறகே வாடகை. விலகுகிறவருக்குப் பங்கு எவ்வளவு என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

பிரஷ் கட்டர், செயின் சா போன்ற டூ ஸ்ட்ரோக் கருவிகளைக் கொடுக்கும்போது எண்ணெய் கலந்த பெட்ரோலையும் நீங்களே கொடுங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லி எண்ணெய் என்பது கருவிக்கான கையேட்டில் இருக்கும். இரவல் வாங்கியவர் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் சிறிது நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்ஜினோடு உறவும் போய்விடும்.

கடலோரத்தில் வைத்துக் காப்பது

வாங்குவது என்று முடிவு செய்தால், நிறுத்தி வைக்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீடர் கெட்டது ஓடியதால் அல்ல, நின்றதால்.

இருபது நாளுக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நிறுத்தும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கை மாட்டிவிடுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்ததும் கத்தியிலும் தண்டிலும் எண்ணெய் தடவுங்கள். மண் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தார்ப்பாயால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றோட்டமாகத் துணி போட்டு மூடுங்கள். உர மூட்டைக்குப் பக்கத்தில் இரும்புக் கருவியை வைக்கவே கூடாது.

பிரஷ் கட்டர் ஓட்டும்போது கண்ணாடியும் பூட்ஸும் கட்டாயம். தெறிக்கும் கல்லுக்கு நம்மவர், அயலார் தெரியாது. பதினைந்து மீட்டருக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள்.

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில்

"தனியா வாங்காதீங்கம்மா. உங்க குழுவுல வரிசையில மிளகாய் நட்டவங்க இன்னும் மூணு பேர் இருந்தா சேர்த்துக்கோங்க" என்றேன். இரண்டு நாளில் திரும்பக் கூப்பிட்டார். நான்கு பேர் சேர்ந்தால் ஏழு ஏக்கர்.

ஏழு ஏக்கருக்கு இரண்டு களை என்றால் 14 நாள். மானியம் வந்தால் ரூ.9,520-ஐ 14-ஆல் வகுத்து நாளுக்கு ரூ.680. வராவிட்டாலும் ரூ.15,995-க்கு நாளுக்கு ரூ.1,143. இரண்டும் ரூ.1,200 வாடகையைவிடக் குறைவு. மழை விட்ட இரண்டு வெயில் இடைவெளியில் ஏழு ஏக்கரையும் ஒரு சுற்று முடித்துவிடலாம். கடனும் நான்காகப் பிரிந்து, ஆளுக்கு 17,500-க்கு மேல் போகாது.

"சார், நோட்டு போட்டாச்சு. சீட்டுல எனக்குக் கடைசி நம்பர்தான் வந்துருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

"அப்ப அடுத்த வருஷம் நீங்கதான் முதல் ஆள். அதை எழுதியாச்சா?"

"மொத வரியே அதான் சார்."

நீங்களும் இந்தப் பருவத்தில் ஒரு நோட்டு வைத்து, எந்தக் கருவி எத்தனை நாள் தேவைப்பட்டது, எத்தனை நாள் காத்திருந்தீர்கள், அதனால் என்ன இழப்பு என்று எழுதி வாருங்கள். அடுத்த ஆவணியில் கடைக்காரர் விலை சொல்லும்போது, வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.